கல்லூரி மலர்களும் மாணவர் எழுத்தும்

கல்லூரி மலரை இலக்கியமாகக் கொண்டு ஆராய்வார் அரியர். பரிசளிப்பு விழாவன்று கைக்கு வருவதும், தம் பிள்ளையின் படம் எப்பக்கத்தில் உள்ளதெனப் பெற்றார் தேடிப் பார்த்தபின் அலுமாரியிற் சென்று அடைவதுமே அதன் வாழ்வு என்பது பொதுவான எண்ணம். ஆயினும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இன்று அம்மலர்கள் பெருந்துணையாகின்றன. 1981ஆம் ஆண்டிற் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே வீடுகளும் பாடசாலைகளும் ஒருங்கே வெறுமையாயின. எஞ்சிய ஏடுகளை ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் 2005 முதல் தேடிச் சேர்த்து வருகின்றது. அச்சேகரத்திற் பாடசாலை மலர்களும் உள. ஆதலின், மலரில் எழுதப்பட்டது யாது, எழுதாது விடப்பட்டது யாது என்னும் வினா வெறுஞ் சுவைபற்றிய வினா அன்று.

மலர்களைப் புரட்டுவோர் ஒரு வியப்பைக் காண்பர். அவற்றுள் நல்ல உரைநடை பெரும்பாலும் அதிபர் அறிக்கையிலேயே உள்ளது. மாணவர் தொகை, பரீட்சைப் பேறு, இல்ல விளையாட்டுப் போட்டி, சாரணர் பாசறை, ஈற்றில் ஆய்வுகூடத்துக்கும் தளபாடத்துக்கும் விடுக்கும் வேண்டுகோள் என்னும் அடைவு மாறுவதில்லை. எனினும், கேட்போர்க்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டிய கடப்பாடு அந்நடைக்கு ஒரு திட்பத்தை அளித்துவிடுகின்றது.

அவ்வறிக்கையும் இரண்டிடங்களில் தளர்கின்றது. மண்டபமொன்று எழுந்த கதை ‘நலன்விரும்பிகளின் பேருதவியால்’ என்னும் ஒரு தொடரில் முடிந்துவிடும். சிரமதானத்தில் மண் சுமந்த மாணவர், கல் ஏற்றிவந்த வண்டிக்காரர், வீடுவீடாகச் சென்று பணந் திரட்டிய பழைய மாணவர் ஆகியோர் அத்தொடருக்குள் மறைந்துபோகின்றனர். மற்றையது தலைமை மாற்றம். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. அவற்றில் அதிபர் நியமனமும் இடமாற்றமும் கல்வித் திணைக்களத்தின் காரியமாயின. இத்துணைப் பெரிய மாற்றத்தை மலர்கள் எவ்வாறு கூறுகின்றன? சென்றவர்க்கு ஒரு பாராட்டு, வந்தவர்க்கு ஒரு வரவேற்பு, இருவர்க்கும் ஏறக்குறைய ஒரே அடைமொழிகள். இருவர்க்கும் இடையே பாடசாலையில் மாறியது யாதென அறிய விரும்புவோர் வேறிடந் தேடல் வேண்டும்.

இவ்விடைவெளியை நிரப்பத்தக்கவன் மாணவன். அவனோ ‘ஒரு பழைய குடையின் சுயசரிதை’ எழுதிக்கொண்டிருக்கின்றான்! குடை புலம்புகின்றது, நிலாக்கால இரவு வருணிக்கப்படுகின்றது, நேரத்தின் பெருமை பேசப்படுகின்றது. பிழை காண்டற்கு அரிய கட்டுரைகள். ஆனால், எவ்வூரில் எவ்வாண்டில் எழுதப்பட்டவை என்பதை அவற்றாற் கூறவியலாது. குற்றம் மாணவனுடையது அன்று. தான் கண்டதை அவன் எழுதின் அது ஆசிரியரின் சிவப்பு மையைக் கடந்து அச்சுக்கூடத்தை அடைவதில்லை. மலர் பாடசாலையின் முகம், அதில் மறு இருத்தலாகாது என்பர். இவ்வச்சம் இயல்பானதே; ஆயினும் அது மலரின் உயிரைக் கொள்கின்றது.

இளைஞர் தாமே நடத்திய ஏடுகளின் கதை வேறு. 1943இல் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கம் தோன்றியது. அதன் சார்பில், வரதர், அ. செ. முருகானந்தன் முதலியோரின் முயற்சியால், ‘மறுமலர்ச்சி’ 1946 முதல் 1948 வரை அச்சில் வெளிவந்தது. ஈழத்துச் சிறுகதையிலும் கவிதையிலும் அது விட்டுச்சென்ற தடம் அதன் குறுகிய வாழ்நாளினும் பெரிது. அவர்கள் பள்ளி மாணவர் அல்லர் என்பது உண்மையே. எனினும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ மாணவர் ஏடாகவே வளர்ந்தது. பள்ளிக்கூடங்களிலோ, ஒரு கொப்பியும் பேனையும் மாத்திரம் வேண்டிநின்ற கையெழுத்துச் சஞ்சிகை பலருக்கு எழுத்துப் பழக்கியது. ஒரே பிரதியாதலின் அது கைமாறிக் கைமாறிக் கிழிந்து போயிற்று, மலர் நின்றது.

நிற்கும் ஏட்டிலேயே மாணவன் எழுதுதல் தகும். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், மைதானத்து மதில் எழுந்த விதத்தை, யார் கல் அரிந்தார், யார் தேநீர் கொணர்ந்தார், எந்நாளில் மழை வேலையைக் குழப்பியது என எழுதுவானாயின் நான்கு பக்கம் போதும். ஆசியுரைகளில் இரண்டைக் குறைத்தால் அவ்விடம் கிடைக்கும்.