யாழின் கணக்கு

விபுலாநந்த அடிகளைத் துறவியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் கொண்டாடும் நாம், அவருடைய கணிதத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1892இல் காரைதீவில் பிறந்த அவர், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அந்தப் படிப்பு முழுதாகப் பயன்பட்ட இடம், பழந்தமிழ் இசையை ஆராயும் அவருடைய 'யாழ் நூல்'.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் வரிகளே அந்நூலுக்கு வித்து. பழந்தமிழ் மரபில் ஏழு சுரங்களுக்கும் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என அலகுகள் 22. எத்தனை அலகு என்று சொல்லும் மரபு, ஓர் அலகு எவ்வளவு என்று சொல்லவில்லை. அங்கேதான் அடிகள் விகிதக் கணக்கைக் கொண்டுவந்தார். நரம்பை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் அதிர்வெண் ஒன்றரை மடங்காகும். அதுதான் குரலுக்கு இளி. 22 அலகையும் சமமாகப் பங்கிட்டால், 13 அலகு தள்ளி நிற்கும் இளி 1.5 ஆகாது, ஏறத்தாழ 1.506 ஆகிவிடும். பழகிய காதுக்கு அது உறுத்தும். சமபங்கீட்டை விரும்பிய இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் தமது 'கருணாமிர்த சாகர'த்தில் (1917) 24 சுருதிகளை நாடியதில் வியப்பில்லை. அங்கே இளி 1.498. இப்படி யாரும் தாளில் போட்டுச் சரிபார்க்கக்கூடிய கணக்காகப் பழந்தமிழ் இசையை அடிகள் மாற்றியது பெரும் சாதனை என்பேன். வெறும் பெருமிதப் பேச்சுக்கு அதில் இடமே இல்லை.

குறையும் அதே கணக்கில்தான் இருக்கிறது. இளிக்கு இளியாகப் பன்னிரண்டு முறை ஏறினால் 129.75 மடங்கு வருகிறது. ஏழு தானங்கள் (ஸ்தாயிகள்) ஏறினால் 128. சுரங்களை அடுக்கும் வட்டப்பாலையின் பன்னிரண்டு இராசிகள் வட்டமாக மூடிக்கொள்கின்றன, நரம்பு மூடிக்கொள்வதில்லை. மிஞ்சும் சிறு துண்டை எங்கே வைப்பது என்பதற்கு மூலத்தில் விடையில்லை. வைப்பவர் ஆய்வாளர். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லாரும் அதை இயற்றிய இளங்கோவுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். மூலம் தருவதும், உரை தருவதும், கணக்கு நிரப்புவதும் 'யாழ் நூ'லில் ஒரே உறுதியோடு ஒலிப்பது எனக்கு நெருடல்.

இதற்கு ஓர் உவமை: மட்டக்களப்பின் கல்லடி வாவியில் தோணிக்காரர் துடுப்பை நீரில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து மீன்பாட்டுக் கேட்பார்கள். அடிகள் அந்த ஒலியை நீரரமகளிரின் ஏழிசையாகப் பாடினார். கவிஞருக்கு அது உரிமை. ஆனால் ஒழுங்கைத் தேடும் காது ஒழுங்கையே கேட்டுவிடும் ஆபத்து, ஆராய்ச்சியில் உண்டு.

1947 யூன் 5இல் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது; யூலை 19இல் அவர் மறைந்தார். எதிர்வினைகளைக் கேட்டுத் திருத்த அவகாசம் கிடைக்கவில்லை. அந்த வேலை நம்முடையது. எந்த எண் மூலத்தினுடையது, எது உரையினுடையது, எது அடிகளுடையது என்று பிரித்துக் காட்டும் பதிப்பு ஒன்று வேண்டும். கல்லடியில் அவர் பெயரிலேயே இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தைவிட அதற்குப் பொருத்தமான இடம் வேறில்லை.