கடனாளி குற்றவாளியாகும்போது: 'எமிலி த கிரிமினல்'

வேலைக்கான நேர்முகத் தேர்வு ஒன்றுடன் இப்படம் தொடங்குகிறது. விண்ணப்பித்த பெண்ணின் குற்றப் பதிவைத் தாம் இன்னும் பார்க்கவில்லை என்னும் பாவனையில் அதிகாரி கேள்வி கேட்கிறார். அவளும் நடந்ததைக் குறைத்துச் சொல்லுகிறாள். அப்பொழுதே அவர் பதிவை எடுத்துக் காட்டுகிறார். பொய்யுரைத்தவர் இருவர், வேலையை இழந்தவளோ ஒருத்தி.

ஜான் பேட்டன் ஃபோர்டு எழுதி இயக்கிய முதல் முழுநீளப் படமாகிய 'எமிலி த கிரிமினல்' 2022இல் வெளிவந்தது. ஆப்ரி பிளாசா எமிலியாக நடித்துள்ளார். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அலுவலகங்களுக்கு உணவு கொண்டுசெல்லும் கூலிவேலை அவளுடையது. ஓவியக் கல்விக்காக வாங்கிய கடனில் ஏறத்தாழ 70,000 டாலர் அவள் தலைமேல் நிற்கிறது. கட்டும் பணம் வட்டிக்கே போய்விடுகிறது, அசல் குறைவதில்லை. உடன் வேலை செய்யும் ஒருவன் தந்த தொலைபேசி எண் அவளை யூசெஃப் என்னும் லெபனானியனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. திருடிய கணக்கு எண்களைக் கொண்டு போலிக் கடன் அட்டைகள் செய்து பொருள் வாங்கி விற்பது அவன் கூட்டத்தின் தொழில். முதல் நாள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. கூலி 200 டாலர்.

இங்குதான் படத்தின் கூர்மை இருக்கிறது. யூசெஃப் தன் ஆட்களை ஏமாற்றுவதில்லை. இது சட்டவிரோதம், விரும்பாதவர்கள் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான். நேர்மையான நிறுவனம் கண்ணி வைக்கிறது; மோசக்காரன் உள்ளதைச் சொல்லுகிறான். பின்னர் ஒரு விளம்பர நிறுவனத்தில் எமிலிக்கு அழைப்பு வருகிறது. அதுவும் மாதக்கணக்கில் ஊதியமின்றிப் பணிபுரியும் பயிற்சி என்று பேச்சின் நடுவிலேதான் வெளியாகிறது. அவள் கோபங்கொண்டு எழுந்து போகும்போது நாமும் அவளுடனே எழுகிறோம். ஆனால் எங்கே போகிறோம் என்பதை அந்தக் கணத்தில் நாம் கேட்பதில்லை. பார்ப்போரை இவ்விதம் உடன்போக்குவதே இயக்குநரின் திறமை.

படம் சொல்லாத ஒரு செய்தியையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டுச் சட்டம், திவால் வழக்கின் மூலம் மாணவர் கடனிலிருந்து விடுபட 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றது. 1990இல் அது 7 ஆண்டுகளாயிற்று. 1998இல் அந்த ஏழாண்டு வாசலும் அரசுக் கடன்களுக்கு அடைபட்டது. தாங்கொணா இன்னலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாலன்றி விடுதலையில்லை. உபாகமம் 15ஆம் அதிகாரத்தின் ஏழாம் வருஷத்தைப் பாடமாக நடத்துகிற நமக்கு இந்த எண் தற்செயலாகத் தோன்றினாலும் வலிக்கிறது. எமிலியின் கடனுக்கு முடிவாண்டு என்று ஒன்றில்லை. அவள் முகத்தில் பிளாசா கொண்டுவரும் சிடுசிடுப்பின் பொருள் இதுவே.

ஆயினும் நமது குறை ஒன்றுண்டு, அது சிறியதன்று. அட்டை எண் திருடப்பட்டவர் யார்? 97 நிமிடங்களில் அத்தகைய ஒருவரின் முகத்தையும் நாம் காண்பதில்லை. வஞ்சிக்கப்பட்டவன் என்று நெருக்கமாகக் காட்டப்படுகிறவன் கார் விற்பவன். அவனும் துரத்திவந்து கைகலக்கும் முரடனாகவே வருகிறான். ஆகவே நமது பரிவு சிதறாமல் எமிலிக்கே மிஞ்சுகிறது. லூக்கா 16இல் வரும் உக்கிராணக்காரனும் பிழைப்புப் போய்விடும் என்ற அச்சத்திலேதான் கடன்சீட்டுகளை மாற்றி எழுதச் செய்கிறான். அங்கே நட்டப்பட்ட எஜமான் மேடையை விட்டு மறைவதில்லை. தீர்ப்புச் சொல்லுபவனே அவன்தான். அந்த உவமை நம்மை இன்றுவரை சங்கடப்படுத்துவதற்கு அவன் அங்கே நிற்பது ஒரு காரணம். ஃபோர்டின் படத்தில் அந்தச் சங்கடம் பாதியே உண்டு.

இரண்டாம் பாதி வேகமானது. துப்பறியும் கதைப் பிரியர்களுக்கு அது போதும். வீடுபுகுந்து பணத்தைப் பறித்தவர்களைத் தொடர்ந்து சென்று எமிலி அதை மீட்கும் காட்சியில் மட்டும் சற்று நிற்க வேண்டும். அவள் முகத்தில் முதலில் அச்சம்; பின் வேறொன்று. தன்னால் இது முடிகிறது என்ற கண்டுபிடிப்பு அது. அந்த இடத்திலிருந்து கடன் அவளுக்குக் காரணமாக இருப்பதில்லை. வாடகைக் குடியிருப்பு ஒன்றை வாங்கி ஒழுங்காக வாழக் கனவு காணும் யூசெஃபைவிட அவளே கடினமானவளாகிறாள். முடிவில், காயமுற்ற அவனைக் காரில் விட்டுவிட்டுப் பணத்துடன் போய்விடுகிறாள்.

எமது இறுதியாண்டு மாணவருடன் இதைப் பார்த்தபோது ஒரு சாரார் பேராசை என்றனர். மறுசாரார் அமைப்பின் பாவம் என்றனர். இரு தரப்பினரும் படத்தின் ஏதோ ஒரு பாதியைப் பார்க்கவில்லை என்றே நமக்குத் தோன்றியது. கடன்பட்டு நம்மிடம் வந்து அமருகிறவர்களிடமும் நாம் இவ்விதமே பாதிக் காதுடன் கேட்கிறோமோ என்னவோ. கடைசிக் காட்சியில் எமிலி தென் அமெரிக்காவில் இருக்கிறாள். புதிய ஆட்களை முன்னால் உட்காரவைத்து, யூசெஃப் தன்னிடம் சொன்னதையே அவர்களுக்குச் சொல்லுகிறாள். அந்த 70,000 டாலர் என்னவாயிற்று என்று படம் சொல்லவில்லை. மாணவர்களிலும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.