மூடிய கண்களும் காணும் கண்களும்
அகஸ்தீனாரின் 159-ஆம் கடிதம் குறித்து ஒரு திறனாய்வு

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில், ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் ஆகிய அருள்பணியாளர் இருவரின் கல்லறைகளுக்கு அருகே சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. கேட்டவர் மலையூர் ஒன்றினின்று வந்து நம்மிடம் இறையியல் பயின்ற மாணவர். கனவு காணும்போதே இது கனவென்று அறியும் இயல்பு அவருக்கு இளமை முதல் உண்டு. அந்நிலையில் தாம் விரும்பியவாறு மலையேறி, வீட்டாரை உள்ளபடியே கண்டு மீள்வதாக அவர் நம்பினார். ஒருமுறை தம் தாயார் காய்ச்சலுற்றுக் கிடப்பதைக் கண்டார். மூன்றாம் நாள் அவ்வாறே செய்தியும் வந்தது. நாம் அதனை அருளுரையில் எடுத்தாண்டு, ஆண்டவர் இன்றும் சொப்பனத்தில் பேசுகிறார் என்றோம். மறு ஆண்டு அவருடைய தந்தையார் காலமானார். அன்றிரவும் அவர் கனவில் வீடு சென்றிருந்தார். தந்தையார் மிளகுக்கொடி அருகே நலமாகவே நின்றிருந்தார். “ஐயா, அம்மாவைக் காட்டியவர் அப்பாவை ஏன் காட்டவில்லை? என்னிடம் என்ன குற்றம் கண்டார்?” என்பதே அவர் கேள்வி.

அக்கேள்விக்கு நாம் அன்று விடை கூறவில்லை. நம் அருளுரையே அதனைப் பிறப்பித்தது என்று உணர்ந்தமையால், திருச்சபைத் தந்தையருள் இப்பொருளை நேர்நின்று ஆராய்ந்த அகஸ்தீனாரிடம் திரும்பினோம். அவருடைய எழுத்துக்கள் இரண்டினை இங்கு ஒப்புநோக்க முற்படுகிறோம்.

1. ஜென்னாடியஸ் கண்ட கனவு

ஏறத்தாழ கி.பி. 415-இல், உசாலிஸ் நகரப் பேராயரான எவோடியசுக்கு அகஸ்தீனார் எழுதியதே 159-ஆம் கடிதம். எவோடியஸ் தம்மிடம் எழுத்துப்பணி செய்துவந்த இளைஞர் ஒருவரை இழந்திருந்தார். அம்மரணத்தைச் சூழ்ந்து பலர் கண்ட கனவுகளை விவரித்து, உடலை நீத்த ஆன்மாவின் நிலை யாது என வினவியிருந்தார். விடையாக அகஸ்தீனார் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த ஜென்னாடியஸ் என்னும் மருத்துவரின் கதையைக் கூறுகிறார்.

ஏழைகளிடம் இரக்கம் மிகுந்த அம்மருத்துவர், இளமையில் மறுமை உண்டோ என ஐயுற்றார். ஓரிரவு கனவில் இளைஞர் ஒருவர் தோன்றி அவரை ஒரு நகருக்கு அழைத்துச் செல்ல, அங்கு இனிய பாடலொன்றைக் கேட்டார். விழித்தபின் அதனை வெறுங்கனவென்று ஒதுக்கினார். மறுநாள் இரவு அதே இளைஞர் மீண்டும் தோன்றி, நேற்றுக் கண்டது உறக்கத்திலா விழிப்பிலா என வினவினார். உறக்கத்தில் என்றார் மருத்துவர். இப்பொழுது காண்பதும் உறக்கத்திலேதான் என்று உணர்த்திய இளைஞர், உன் உடல் எங்கே என்று கேட்டார். படுக்கையறையில் என்றார். அங்கு உன் கண்கள் மூடியிருக்க, என்னைக் காணும் இக்கண்கள் எவை என்று கேட்டபோது மருத்துவர் வாயடைத்தார். உடற்கண் ஓய்ந்திருக்கும்போதும் காண்பது போலவே, உடல் மாண்டபின்னும் வாழ்வும் உணர்வும் உண்டு என இளைஞர் போதித்தார்.

கனவு என அறிந்தே காணும் கனவிற்குப் பழைய கிறிஸ்தவ இலக்கியத்தில் இதனினும் தெளிவான சான்றினை நாம் அறியோம். அந்நிலையை அக்வினாவின் தோமாவும் அறிந்திருந்தார். உறங்குவோன் சில வேளைகளில் தான் காண்பது கனவே எனத் தீர்ப்பதுண்டு என அவர் தமது இறையியல் தொகுப்பில் குறிப்பிடுகிறார்.

2. வாதத்தின் குறை

ஆயினும் இக்கதையின் வாதம் தான் தாங்கக்கூடியதினும் மிகுந்த பாரத்தைச் சுமக்கிறது. கண் மூடியிருக்கையில் உருவங்கள் தோன்றுகின்றன என்பது மறுக்கவியலாதது. ஆனால் அவ்வுருவங்கள் புறத்தேயுள்ள பொருளின் காட்சியென்று அதனால் நிறுவப்படவில்லை. ஜென்னாடியஸ் தாம் கண்ட நகரினின்று பிறர் சோதித்தறியத்தக்க செய்தி எதனையும் கொண்டுவரவில்லை. தாம் கனவில் இருக்கிறோம் என்று மட்டுமே உறுதியாக அறிந்தார். இவ்வறிவு மெய்யானதே, எனினும் அது தம்மைப் பற்றிய அறிவு. தொலைவிலுள்ளோரைப் பற்றிய அறிவாக அதனைக் கொள்வது தவறு. நம் மாணவரும் அவர்தம் ஆசிரியராகிய நாமும் இடறிய இடம் இதுவே.

அகஸ்தீனார் இதனை அறியாதவர் அல்லர். ஆதியாகம விரிவுரையின் பன்னிரண்டாம் நூலில் காட்சியை மூவகையாகப் பகுக்கிறார்: உடற்கண்ணால் காண்பது, பொருளின் சாயலை உள்ளத்தில் காண்பது, அறிவால் காண்பது. கனவு இரண்டாம் வகையைச் சாரும். அதில் பிழை நேரக்கூடும் என்பதும் அவர்தம் கருத்தே.

3. மகனின் சாட்சி

ஏறத்தாழ 421-இல் அவர் இயற்றிய, மரித்தோரைப் பேணுதல் பற்றிய நூல் இன்னும் துணிந்து பேசுகிறது. அங்கு எவுலோகியஸ் என்னும் ஆசிரியரின் கதை வருகிறது. சிசரோவின் நூலில் ஒரு கடினமான பகுதியை மறுநாள் கற்பிக்க வேண்டியிருந்த இவருக்குக் கனவில் அகஸ்தீனார் தோன்றி விளக்கினார். அகஸ்தீனாரோ அப்போது கடலுக்கப்பால் மிலான் நகரில், இதைப்பற்றி ஏதும் அறியாமல் இருந்தார். உயிரோடிருப்பவர் தாம் அறியாமலே பிறர் கனவில் தோன்றுவாரெனில், மரித்தோர் தோன்றுவதும் அவ்வாறே ஆகலாம் என்பது அவர் முடிவு.

அடுத்து அவர் தம் தாயாரைக் குறிப்பிடுகிறார். மரித்தோர் விரும்பியவாறு நம்மிடம் வரக்கூடுமாயின், தம்மோடு வாழும்பொருட்டுக் கடலும் தரையும் கடந்து பின்தொடர்ந்த மோனிக்கா அம்மையார் ஓரிரவும் தம்மிடம் வாராதிரார் என்கிறார். அவர் 387-இல் ஒஸ்தியாவில் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மகனின் இரவுகளில் தாய் வரவில்லை. இதனால் தாயன்பு குறைந்ததென்றோ, தம்மிடம் குற்றம் உளதென்றோ அம்மகன் கருதவில்லை. கடிதத்தை மட்டும் கற்று இந்நூலைக் கல்லாதார் அகஸ்தீனாரைப் பாதியே கற்றவராவர்.

4. ஆய்வும் திருமறையும்

இக்கால ஆய்வும் இங்கு துணைநிற்கிறது. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர், கனவென அறிந்து கனவு காண்போர் முன்னரே குறித்தபடி கண்ணசைத்துச் சைகை செய்யக்கூடும் எனப் பதிவு செய்தார். 2021-இல் நான்கு நாட்டு ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில் 36 பேர் பங்கேற்றனர்; அவர்களுள் கனவென அறிந்து கனவு கண்டோரிடம் எளிய கணக்குகள் முதலியன கேட்கப்பட்டன. 158 முயற்சிகளில் 29-இல் சரியான விடை கிடைத்தது. இது வியப்புக்குரியதே. ஆயினும் அக்கேள்விகள் ஒலியாகவும் ஒளியாகவும் தொடுகையாகவும் புலன்களின் வழியேதான் உறங்குவோரைச் சென்றடைந்தன. புலன்கடந்த வழியில் கனவுக்குள் செய்தி செல்லும் என நியூயார்க்கின் மைமோனிடிஸ் மருத்துவமனையில் 1960-களிலும் 1970-களிலும் நிகழ்ந்த சோதனைகளோ, பிறர் மீண்டும் செய்தபோது உறுதிப்படவில்லை.

திருமறையோ வேறொரு அளவுகோலைத் தருகிறது. சொப்பனக்காரன் சொன்ன அடையாளம் பலித்தாலும் அதுவே சான்றாகாது என உபாகமம் 13 எச்சரிக்கிறது. மத்தேயுவின் முதல் இரு அதிகாரங்களில் யோசேப்பு கண்ட சொப்பனங்கள் அவரை ஊர்சுற்றிக் காட்டவில்லை. மனைவியை ஏற்கவும், பிள்ளையைக் காக்கவும் அவரை எழுப்பின. வேண்டியபோது வேண்டிய இடத்திற்குக் கனவில் சென்று காணும் ஆற்றலை வேதம் யாருக்கும் வாக்களிக்கவில்லை.

5. ஆயர்பணி நோக்கு

பின்னொரு நாள் அம்மாணவரோடு அமர்ந்து அவருடைய கனவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டோம். தாயார் நோயுற்றதாக அவர் கண்டது அந்த ஓரிரவு மட்டுமன்று. வேறு பல இரவுகளிலும் அவ்வாறே கண்டிருந்தார். அப்பொழுதெல்லாம் அம்மையார் நலமாக இருந்தமையால் அவை மறக்கப்பட்டன. பலித்த ஒன்றை மட்டும் நாம் பீடத்தில் ஏற்றினோம். பலித்த கனவை ஆலயத்தில் அறிவிக்கும் ஆயர், கனவு காணாத மக்கள்மீதும் பலியாத கனவு கண்டோர்மீதும் தாம் அறியாமலே ஒரு குற்றப்பத்திரிகையை வாசிக்கிறார். இனி அருளுரைக்கு எடுத்துக்காட்டுத் தேடும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்வாராக.

ஜெசி பிராண்ட் 1929 ஜூன் மாதத்தில் இம்மலையில் காய்ச்சலால் மரித்தபோது, அவர் மகன் பால் பதினான்கு வயதுச் சிறுவனாக இலண்டனில் இருந்தார். மரணச்செய்தி அவருக்குத் தந்தி மூலமே வந்தது. அதற்குப் பின்னரும் தந்தையார் முன்னரே எழுதி அனுப்பிய கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. தந்தையாரின் அன்பை அச்சிறுவர் மையெழுத்தில் வாசித்தார். இவ்வரலாற்றை மாணவருக்குக் கூறி, தந்தையார் மிளகுக்கொடி அருகே நலமாக நின்ற அக்கனவு அவர் நெஞ்சில் வைத்திருந்த அன்பின் உருவமே என்றோம். நம் அருளுரைக்காக மன்னிப்பும் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின் தந்தையாரின் அடக்க நாளில் தம்மால் செய்யவியலாமற் போன ஜெபத்தை அன்று செய்யலாமா என்று கேட்டார். இருவரும் முழந்தாற்படியிட்டோம்.