ஒரே கொடையாளரின் நுரையீரலும் மஜ்ஜையும்

நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை பற்றிய செய்திகளில் முதல் ஆண்டின் கணக்குதான் பெரிதாக வரும். நல்ல மையங்களில் பத்தில் ஒன்பது பேர் அந்த ஆண்டைத் தாண்டுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பாதிப் பேர் ஆறேழு ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். மாற்று இதயம் இதைவிட நெடுங்காலம் உழைக்கிறது. இதயம் உடலுக்குள் மூடிக் கிடக்கும் உறுப்பு. நுரையீரலோ ஒவ்வொரு மூச்சிலும் தூசியையும் பூஞ்சையையும் கிருமியையும் நேருக்கு நேர் சந்திக்கிறது.

1963இல் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக நுரையீரலை மாற்றியபோது நோயாளி 18 நாள் உயிரோடு இருந்தார். நீடித்த வெற்றி 1983இல்தான், டொராண்டோவில் ஜோயல் கூப்பர் குழுவுக்குக் கிடைத்தது. இடையில் வந்து சேர்ந்தது சைக்ளோஸ்போரின் என்ற மருந்து. புது உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க வாழ்நாள் முழுவதும் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கிவைப்பது என்ற உடன்படிக்கையில்தான் இன்றும் இந்தச் சிகிச்சை நிற்கிறது.

பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களை இந்த உடன்படிக்கையில் எங்கே வைப்பது? சிறு வயது முதல் நிமோனியா திரும்பத் திரும்ப வந்து, மூச்சுக்குழாய்கள் விரிந்து தழும்பேறி, நுரையீரல் தேய்ந்துபோகிறது. மூலக்காரணத்தைத் தீர்க்க எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன் கொடுக்கும் கடும் மருந்துகளை இந்த நுரையீரல் தாங்காது. நுரையீரலை மாற்றலாமென்றால், எதிர்ப்பாற்றல் இல்லாதவருக்கு அது ஆபத்து என்று பல மையங்கள் தயங்குகின்றன. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

இந்த முடிச்சை அவிழ்க்க பிட்ஸ்பர்க்கில் பால் சபோல்ச் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். மூளைச்சாவு அடைந்த ஒரே கொடையாளரிடமிருந்து இரண்டையும் எடுக்கிறார்கள். முதலில் நுரையீரலைப் பொருத்துகிறார்கள். முதுகெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையை உறையவைத்து, சில மாதம் கழித்து, நோயாளி தேறிய பிறகு செலுத்துகிறார்கள். மஜ்ஜை பிடித்துக்கொண்டால் புதிதாக உருவாகும் எதிர்ப்பணுக்கள் கொடையாளருடையவை. அவற்றின் கண்ணுக்கு அந்த நுரையீரல் அந்நியமல்ல. நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளையே நிறுத்திவிட்ட நோயாளிகளும் இருக்கிறார்கள். இந்தத் துறையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட முடியவில்லை. இரண்டு சிகிச்சைகளுக்கும் நடுவிலுள்ள மாதங்களில், ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் குன்றியவர் அதை மேலும் குறைக்கும் மாத்திரைகளையும் விழுங்குகிறார். ஒரு வைரஸோ பூஞ்சையோ போதும். கொடையாளர் அணுக்கள் நோயாளியின் உடலையே தாக்காதிருக்க மஜ்ஜையிலிருந்து டி அணுக்களை வடிகட்டுகிறார்கள். அதனால் புதிய எதிர்ப்பாற்றல் தலைதூக்கவும் தாமதமாகிறது. மஜ்ஜை பிடிக்காமல் போனால், கிடைத்தற்கரிய நுரையீரலும் சேர்ந்து வீணாகலாம். இதுவரை இந்தப் பாதையில் போனவர்கள் வெகு சிலர், அவர்களும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பெருங்கூட்டத்துக்கு அதைவைத்து விதி எழுத முடியாது.

மருந்தில்லாத மாற்று நுரையீரல் இனி எல்லோருக்கும் என்ற பேச்சு என்னை உறுத்துவது இதனால்தான். பிறவிக் குறைபாடு உள்ளவருக்கு மஜ்ஜை மாற்றம் தனியாகவே தேவைப்படும் சிகிச்சை. ஆகவே எடுக்கும் ஆபத்துக்கு இரட்டைப் பலன் உண்டு. புகைப்பழக்கத்தாலோ நார்த்திசுப் பெருக்கத்தாலோ நுரையீரல் கெட்ட அறுபது வயதுக்காரரின் மஜ்ஜை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நல்ல மஜ்ஜையை அழித்துவிட்டு வேறொன்றை வைப்பதில் அவருக்குப் பலன் ஒன்றுதான். உயிராபத்தோ குறையாது, வயதால் கூடவே செய்யும்.

இந்தியாவில் நுரையீரல் மாற்றுக்குச் சென்னை பெயர்பெற்ற ஊர். அறுவை சிகிச்சைத் திறமைக்கு இங்கே குறையில்லை. ஆனால் அடிக்கடி நிமோனியா வரும் பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் எழுதுகிறோம், காசநோயைத் தேடுகிறோம். ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரதத்தின் அளவைப் பார்க்க யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை. அமெரிக்காவில் 2008இல் விஸ்கான்சின் மாநிலம் பச்சிளங்குழந்தைகளின் குதிகால் ரத்தத்தில் கடும் எதிர்ப்பாற்றல் குறைபாட்டைத் தேடத் தொடங்கியது. 2018 இறுதிக்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. இந்தியாவில் நாடு தழுவிய அப்படியொரு திட்டம் இல்லை. அந்தச் சோதனையும் எல்லாக் குறைபாட்டையும் பிடித்துவிடாது. எதிர்ப்புரதம் மட்டும் குறையும் வகை பல ஆண்டு கழித்தே தலைகாட்டும். ஆனாலும் நுரையீரல் கெடுவதற்கு முன்பே கண்டறிந்தால், இம்யூனோகுளோபுலின் ஏற்றியோ மஜ்ஜையை மட்டும் மாற்றியோ பலரைக் காப்பாற்றலாம். இரண்டையும் மாற்றவேண்டிய நிலை அவர்களுக்கு வராமலே போகக்கூடும்.