சர்க்கரைப் பூவும் கொல்லிப் பாவையும்

கொல்லிமலை என்றதும் பழந்தமிழ் வாசகனுக்குப் பாவை நினைவு வரும். காற்று, மழை, இடி, நில நடுக்கம் எது வந்தாலும் அதன் உருக் கெடாது என்கிறது நற்றிணை. சிரித்து மயக்கிக் கொல்லும் என்ற கதையும் உண்டு. கேக்கின் மேல் வைக்கும் சர்க்கரைப் பூவோ ஈரக் காற்றுக்கே தளர்ந்துவிடும். ஆனாலும் இரண்டும் ஒரே இனம். கண்ணைக் கவரும், நெருங்க விடாது.

சர்க்கரைப் பொடியில் முட்டையின் வெள்ளைக் கருவும் கோந்தும் சேர்த்துப் பிசைகிறார்கள். வெளிச்சம் ஊடுருவும்படி மெல்லியதாகத் தேய்த்து, இதழ் வெட்டி, நரம்பு பதித்து, கம்பியில் பொருத்திக் காயவைக்கிறார்கள். காப்பிப் பூவைக்கூட அச்சாகச் செய்துவிடலாம். கைத்திறமைக்குக் குறைவில்லை. ஆனால் கேக்கை வெட்டுமுன் பூவை எடுத்துவிட வேண்டும். உள்ளே கம்பி இருக்கிறதே!

நம் கல்யாணச் சீர்த் தட்டில் அச்சில் வார்த்த சர்க்கரைக் கிளி இருக்கும். உயிர்க் கிளி என்று யாரும் ஏமாறமாட்டார்கள். ஆனால் குழந்தை மூக்கைக் கடித்துவிட்டு வாலுக்கு வரும்.

யதார்த்தம் என்று நாம் கொண்டாடும் நாவல்களிலும் இந்த இரு வகை உண்டு. சிலவற்றில் தெருவும் பேச்சும் சட்டைப் பித்தானும் அப்படியே இருக்கும். சுவைக்கப் போனால் கம்பி குத்தும். அச்சு அசலாக இருப்பது கலைக்குப் பாதி வழிதான்.

கம்பியில்லாமல், இதழோடு இதழ் ஒட்டிப் பூச் செய்பவர்களும் உண்டு. இதழ் சற்றுத் தடித்துத்தான் போகும். ஆனாலும் தின்னலாம். என் ஓட்டு அந்தப் பூவுக்குத்தான்.