30 மணி நேரமும் 30 நிமிடமும்

மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ மன்றம் 2002-இல் வகுத்த நடத்தை விதிமுறை. இங்கிலாந்தில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வேறொரு முப்பதைச் சொன்னது. மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ இருக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு, அவருக்கென்று குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடங்களுக்குள் லெவோடோபா மாத்திரை கொடுக்கப்பட வேண்டும். முதல் விதி மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தை அளக்கிறது. இரண்டாவது, கட்டிலில் கிடப்பவருக்கு என்ன நடந்தது என்று கேட்கிறது. பார்க்கின்சன் பராமரிப்புக்காக நடக்கும் பயிற்சிகளில் எது உருப்படியானது என்று பார்க்க, இந்த இரண்டாவது கேள்வியே போதும் என்பது என் எண்ணம்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? கார்பிடோபா என்ற துணை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தாலும் லெவோடோபா ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். நோயின் தொடக்க ஆண்டுகளில் மூளை தன் கையிருப்பைக் கொண்டு இடைவெளியைச் சமாளிக்கும். பிறகு அது முடிவதில்லை. மாத்திரை தாமதமானால் உடல் விறைக்கிறது, கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, விழுங்குவது சிரமமாகிறது, புரையேறி நிமோனியா வரைக்கும் போகிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். போதாக்குறைக்கு, சாப்பாட்டிலுள்ள புரதம் இந்த மருந்தோடு உறிஞ்சப்படுவதில் போட்டிபோடுகிறது. அதனால் நோய் முற்றியவர் ஒருநாளைக்கு ஐந்தாறு தடவை, கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை போடுகிறார். நம் மருந்துச் சீட்டோ 1-1-1 என்றுதான் எழுதப்படுகிறது. காலை, மதியம், இரவு. எத்தனை மணிக்கு என்பதற்கு அந்த மூன்று ஒன்றுகளில் இடமே இல்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் “வெறும் வயிற்றில் இருக்கட்டும்” என்று சொல்லப்பட்டால் அந்த மூன்றும்கூட நின்றுபோகும்.

இனி பயிற்சிக்கு வருவோம். வகுப்பறையில் சொல்லித்தரக்கூடிய விஷயங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றைக் குறைத்துப் பேசக் கூடாது. வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசியும், இரவில் குழம்பிப்போய்க் கத்தும் முதியவருக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலும் பார்க்கின்சன் நோயாளிக்கு ஆகாதவை. தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் தொடரும் சின்னரிசின், புளுனாரிசின் மாத்திரைகள், நோயே இல்லாதவருக்கும் பார்க்கின்சன் போன்ற விறைப்பையும் நடுக்கத்தையும் கொண்டுவரலாம். அப்படி வந்தவருக்கு வேண்டியது இன்னொரு மாத்திரை இல்லை, பழையதை நிறுத்துவதுதான். ஒரு பொது மருத்துவருக்கு இதைச் சொல்ல ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தின் பலன் பெரியது.

ஆனால் இதுபோன்ற “இதைக் கொடுக்காதே” பாடங்களைத் தாண்டினால் வகுப்பின் பலம் சட்டென்று குறைகிறது. மருத்துவக் கூட்டங்கள், பயிலரங்குகள் பற்றிய 81 ஆய்வுகளைத் தொகுத்த 2009-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, விரும்பிய மாற்றம் நடைமுறையில் கூடுவது இடைநிலை மதிப்பில் 6 சதவீதப் புள்ளி என்று கண்டது. சிக்கலான நடைமுறைகளைக் கூட்டங்கள் மட்டுமே மாற்றிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் அது சொன்னது. பார்க்கின்சன் பராமரிப்பில் எளிய நடைமுறை எத்தனை இருக்கிறது? ஒரு மாத்திரை நேரத்துக்குப் போய்ச்சேர மருத்துவர், மருந்தாளுநர், சிஸ்டர், சமையற்கூடம் எல்லாரும் ஒத்துப்போக வேண்டும். கூட்டத்துக்கு வருபவரோ பெரும்பாலும் மருத்துவர் மட்டும்.

யார் செலவு செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். காப்புரிமை போய்ப் பல பத்தாண்டுகளான, மலிவான லெவோடோபாவை எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று பேச எந்த நிறுவனத்துக்கு ஆதாயம்? மூளைக்குள் மின்முனை வைப்பது பற்றியும் புது மருந்து பற்றியும் பேச ஆள் எளிதாகக் கிடைக்கும். மலச்சிக்கலைப் பற்றிப் பேச யாரும் விமானம் ஏறி வருவதில்லை. நோயாளிகள் பலருக்கோ அது அன்றாடத் தொல்லை.

கூட்டம் நடத்துவதோடு நின்றுவிடும் பழக்கத்தை உடைக்கப் பார்த்த முயற்சிகளில் நெதர்லாந்தின் ‘பார்க்கின்சன்நெட்’ முக்கியமானது. 2004-இல் நைமேகன் நகரில் நரம்பியல் மருத்துவர் பாஸ்தியான் புளூமும் மார்ட்டன் முன்னெகேயும் தொடங்கியது. ஊரிலுள்ள எல்லா இயன்முறை மருத்துவர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க அவர்கள் முனையவில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் சிலரை மட்டும் தேர்ந்து, நெறிமுறைப்படி பயிற்சி தந்து, நோயாளிகளை அவர்களிடமே அனுப்பினார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்ப்பவர் எவ்வளவு படித்தாலும் கை பழகாது என்பது அவர்கள் கணக்கு. பின்னர் பேச்சுப் பயிற்சியாளர், செவிலியர், உணவியலாளர் என்று வலை விரிந்து, இன்று 3,000-க்கு மேற்பட்டோர் அதில் இருக்கிறார்கள்.

இதன் புகழைக் கேட்டவர்கள் பலருக்கு 2010-இல் வெளிவந்த இதன் முதல் பெரிய சோதனை நினைவிருப்பதில்லை. 699 நோயாளிகளை வைத்து நடந்த அந்தச் சோதனையில் செலவு குறைந்தது. நோயாளியின் அன்றாடச் செயல்பாட்டில் மட்டும் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. கண்காணித்தது ஆறு மாதம்கூட இல்லை, கை பழக அது போதாது என்று சமாதானம் சொல்லலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் தோற்ற சோதனைகள் எல்லாவற்றுக்கும் இதே சமாதானம் பொருந்திவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து 4,381 நோயாளிகளை மூன்றாண்டு அளவில் ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரிடம் போனவர்களில் 17 சதவீதத்தினருக்கும், மற்றவரிடம் போனவர்களில் 21 சதவீதத்தினருக்கும் நோய் சார்ந்த சிக்கல்கள் வந்திருந்தன. குலுக்கல் முறையில் பிரிக்காத ஒப்பீடு என்பதால், தேடிப்போய் நல்ல சிகிச்சை பெறுபவர் இயல்பிலேயே கவனமானவராக இருந்திருக்கலாம். இத்தனையும் கழித்துப் பார்த்தாலும், பயிற்சியோடு நோயாளிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கட்டிய யோசனைதான் எனக்கு இதில் பிடித்தது.

அதை அப்படியே இங்கே நட முடியாது. நெதர்லாந்தில் தூரம் குறைவு, காப்பீடு எல்லாருக்கும் உண்டு. ராமநாதபுரத்து முதியவரை “தேர்ந்தெடுத்த சிலரிடம்” போகச் சொன்னால் மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டிவரும். உறைந்து நிற்கும் காலோடு பேருந்துப் படி ஏறுவதைக் கற்பனை செய்துபாருங்கள். ஆனால் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே போகிறார்கள். நடை உறையும்போது தரையில் கோடு போட்டுத் தாண்டவைப்பது, திரும்பும்போது விழாமல் வளைந்து திரும்பப் பழக்குவது போன்றவற்றை அவர்களில் வட்டாரத்துக்கு ஒருவருக்கு ஆழமாகக் கற்பித்து, அந்தப் பகுதிப் பார்க்கின்சன் நோயாளிகளை அவரிடமே ஒப்படைத்தால், நைமேகன் யோசனையின் சாரம் நமக்கும் கிடைக்கும்.

பார்க்கின்சன்ஸ் யூகே அமைப்பு 2006-இல் தொடங்கிய ‘நேரத்துக்கு மருந்து’ இயக்கம் வேறு வழியில் போனது. செவிலியர்களுக்குப் பயிற்சி தருவதோடு, முடிந்தவர் தன் மாத்திரையைத் தானே வைத்துப் போட்டுக்கொள்ள மருத்துவமனை அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்டது. இது பயிற்சியின் எல்லையை ஒப்புக்கொள்ளும் கோரிக்கை. நாற்பது கட்டிலுக்கு இரண்டு சிஸ்டர்கள் இருக்கும் வார்டில், ஒன்பதரை மணி மாத்திரை பத்தேமுக்காலுக்குப் போவது அறியாமையால் அல்ல. ஆள் போடாத நிர்வாகம் மறுபடி மறுபடி வகுப்பு நடத்துவதில், பழியைச் சிஸ்டர் தலையில் நாசூக்காக இறக்கிவைக்கும் வேலையும் நடந்துவிடுகிறது.

நம் அரசு மருத்துவமனைகளில் பல நேரம் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் கூட இருக்கும் மனைவியோ மகளோ மருமகளோதான். வீட்டில் எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பது வார்டிலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும். செவிலியர் பயிற்சியில் ஒரு மணி நேரத்தை அவர் பேச ஒதுக்கலாம். சேர்க்கைச் சீட்டில் அவர் சொல்லும் நேரத்தை 1-1-1-க்குப் பதிலாக எழுதவைக்கலாம். வகுப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து, பத்து நோயாளிகளின் மருந்து அட்டையை எடுத்து எழுதிய நேரத்தையும் கொடுத்த நேரத்தையும் ஒப்பிட ஒரு சிஸ்டருக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளையும் தொடர் கல்விக் கணக்கில் சேர்க்க வேண்டும்.