எழுத்தும் இலக்கமும்: உரைத்திருத்திகளிற் சிறப்புக் குறிகள் பற்றிய ஒரு விமரிசனம்

எழுத்து ஒலியின் வடிவம் என்றும், அவ்வடிவத்தைப் பொறிக்கும் கருவி அதன் இயல்பை மாற்றுவதில்லை என்றும் கருதுவது பொதுவழக்கு. தமிழ் எழுத்தின் வரலாறு இக்கருத்துக்கு முழுமையாக இடந்தருவதில்லை. ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் இடாது விடுத்தனர். குறில் எகர ஒகரங்களும் நெடில் ஏகார ஓகாரங்களும் வடிவத்தில் மயங்கின. வீரமாமுனிவர் (1680–1747) செய்த வடிவ வேறுபாடு இம்மயக்கத்துக்கு விடையாக அமைந்தது. பின்னர் ஏடுகளை அச்சேற்ற முற்பட்ட சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஆகியோர் புள்ளியற்ற வரிகளின்முன் அமர்ந்து, சொல்லுக்குச் சொல் தீர்ப்புக் கூறவேண்டியவராயினர். எனவே கருவியின் குறை இறுதியிற் பதிப்பாசிரியரின் சுமையாகின்றது. கணினியின் உரைத்திருத்திகளில் இலக்கங்களைக் கொண்டு சிறப்புக் குறிகளைப் பொறிக்கும் முறையும் இந்த நோக்கிலேயே மதிப்பிடப்படவேண்டும்.

விசைப்பலகையில் இடம்பெறாத குறியை அதன் இலக்கத்தால் அழைத்தலே இம்முறையின் சாரம். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில், ஆல்ட் விசையை அழுத்தியவாறு இலக்கப் பகுதியில் ஓர் எண்ணைத் தட்டினால், அவ்வெண்ணுக்குரிய குறி திரையில் தோன்றும். அக்கணினியின் அட்டவணையில் இருந்த இடங்கள் 256. ஆங்கில எழுத்துகளோடு சில ஐரோப்பிய எழுத்துகள், கிரேக்க எழுத்துகள், கணிதக் குறிகள், கோடுகள் ஆகியன அவற்றை நிரப்பின. தமிழுக்கு அங்கே இடமில்லை. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டது. பதின்ம எண்ணிற் கூறின் அது 2944 முதல் 3071 வரையிலானது. ஆய்தத்தின் இலக்கம் 2947.

இவ்விலக்கத்தைத் தட்டினால் ஆய்தம் தோன்றும் என எதிர்பார்ப்பது இயல்பு. சில சொற்செயலிகளில் அவ்வாறே நிகழும். ஆயின் பழைய எளிய உரைத்திருத்திகள் பல, பெரிய எண்ணை 256ஆல் வகுத்து எஞ்சும் மீதியை மட்டுமே ஏற்றன. 2947இன் மீதி 131. ஐ.பி.எம். அட்டவணையில் 131ஆம் இடத்தில் இருப்பது, பிரெஞ்சு மொழி கூரைக்குறி இட்டு எழுதும் அகரம். ‘அஃது’ என எழுத முற்பட்டவனுக்கு நடுவிலே பிரெஞ்சு எழுத்தொன்று வாய்க்கின்றது. இது நகைப்புக்குரிய பிழைபோலத் தோன்றினும் அதன் காரணம் நகைப்புக்குரியதன்று. 256 இடங்களே உலகம் எனக் கொண்ட ஒரு காலத்தின் எல்லை, அவ்வுலகம் விரிந்த பின்னரும் கருவியினுள் தங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

‘சிறப்புக் குறி’ என்னும் தொடரே ஆராயத்தக்கது. எதற்குச் சிறப்பு? எவருடைய நோக்கிற் சிறப்பு? ஆங்கில விசைப்பலகையின் முன் அமர்ந்த தமிழனுக்கு அகரமும் சிறப்புக் குறியே. அன்றாடம் வழங்கும் எழுத்தனைத்தும் விதிவிலக்குகளே. விம் என்னும் உரைத்திருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் இரு விசைகளின் சேர்க்கையால் ஒரு குறியைப் பெறும் வசதி உண்டு. 1992இல் வெளியான 1345ஆம் இலக்க இணைய ஆவணத்தைத் தழுவிய அப்பட்டியலிற் கிரேக்கம், சிரில்லியம், எபிரேயம், அரபு, யப்பானியக் கானா ஆகியவற்றுக்கு நினைவிற் கொள்ளத்தக்க ஈரெழுத்துச் சேர்க்கைகள் உள்ளன. தமிழுக்கு அவ்வாவணம் எதுவும் வகுக்கவில்லை. வேண்டுவோர் 2947 என்னும் எண்ணைக் கொடுத்துத் தாமே ஒரு சேர்க்கையை அமைத்துக்கொள்ளலாம். வாயில் அடைக்கப்படவில்லை என்பது உண்மை. ஆயினும் திறவுகோலைச் செய்துகொள்ளும் பொறுப்பு வருபவனிடமே விடப்பட்டுள்ளது.

இலக்கத்தை நினைவிற் கொள்ள இயலாதோர் பெயரால் அழைக்கும் வசதியை ஈமாக்ஸ் தருகின்றது. இங்கே மற்றொரு சிக்கல் எழுகின்றது. ஒருங்குறியில் ஆய்தத்துக்கு இடப்பட்ட பெயர் ‘விசர்க்கம்’. புள்ளிக்கு இடப்பட்ட பெயர் ‘விராமம்’. தமிழில் வழங்காத அனுசுவாரத்துக்கும் ஆய்தத்தின் அருகே 2946ஆம் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. இந்திய எழுத்துகள் யாவற்றையும் ஒரே சட்டகத்தில் அடக்க முயன்ற 1988ஆம் ஆண்டின் இந்தியக் குறியேற்றத் தரத்தைப் பின்பற்றியதன் விளைவு இது. சார்பெழுத்து எனத் தொல்காப்பியர் வகுத்த ஒன்று வடமொழி இலக்கணத்தின் பெயரால் அழைக்கப்படுகின்றது. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதியான கொள்கை. பழைய ஆவணங்கள் சிதையாதிருக்க அக்கொள்கை வேண்டியதே. ஆயினும் இலக்கண நூலார் ஒருவரையும் உசாவாது இடப்பட்ட பெயர் போன்று நிற்கும் ஒன்று நிரந்தரமாகிவிட்டதை ஏற்றுக்கொள்வது எளிதன்று.

இதனால் இலக்கமுறை முற்றாக விலக்கத்தக்கது எனக் கொள்ளலாமா? கொள்ளுதல் பொருந்தாது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டை வேறுபடுத்தும் ஆற்றல் இலக்கத்துக்கே உண்டு. தமிழ் எண் ஏழும் எகரமும் பல எழுத்துருக்களில் வேறுபாடின்றித் தோன்றும். முன்னதன் இலக்கம் 3053. பின்னதன் இலக்கம் 2958. ஔகாரத்துக்கு 2964 என்ற தனி இலக்கம் இருக்க, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒள’ என எழுதுவோர் பலர். வாசகன் வேறுபாடு காணமாட்டான். சொற்றேடும் கருவி காணும். ‘ஔவையார்’ எனத் தேடும் மாணவனுக்கு அவ்வாறு பிழைபட எழுதப்பட்ட பக்கங்கள் அகப்படமாட்டா. நூல் இருக்கின்றது, ஆயினும் இல்லாததற்குச் சமமாகின்றது.

இவ்விடத்தில் பாமினி முதலிய எழுத்துருக்களில் எழுதப்பட்டவற்றையும் நினைத்தல் தகும். அவற்றில் ஆங்கில எம் எழுத்தின் இடத்தில் அகரமும், கே எழுத்தின் இடத்தில் மகரமும் அமர்ந்திருந்தன. முகம் தமிழ், உள்ளே இருந்த இலக்கம் ஆங்கிலம். எழுத்துரு இல்லாத கணினியில் அப்பிரதி பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாயிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதை அறிந்த சமூகத்துக்கு, நூல்கள் தீயால் மட்டுமன்றிக் குறியேற்றத்தின் குழப்பத்தாலும் மறையக்கூடும் என்பதை விளக்கவேண்டியதில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியமை இவ்வகையிற் கவனித்தற்குரியது.

இலக்கமுறையின் உரிய இடம் எது என்பது இவற்றிலிருந்து புலப்படும். அன்றாட எழுத்தை எண்ணால் எழுதச் செய்வது கருவியின் தோல்வி. அதற்கு விசைப்பலகையே வேண்டும். யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசைப்பலகை வகுத்தபோது எதிர்கொண்ட பணியும் அதுவே. 1999இல் தமிழகம் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையின் நோக்கமும் அதுவே. இன்னொரு புறத்தில், பழைய உறுதிகளிலும் கணக்கேடுகளிலும் வரும் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி முதலிய குறிகள் பல விசைப்பலகைகளில் அடங்கமாட்டா. 3059 முதல் 3066 வரையுள்ள இடங்களில் அவை ஒருங்குறியில் உள்ளன. 320இல் ஒரு பங்காகிய முந்திரி முதலான பின்னக் குறிகளும் 2019இல் தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டன. இக்குறிகளைப் பதிப்பிப்போருக்கு இலக்கமுறை சுமையன்று. அவர்க்குக் கிடைத்த துணை. ‘மேற்படி’ என்னும் குறியை அதன் வடிவத்திலேயே பதிக்காது சொல்லாக விரித்தெழுதும் பதிப்பாளர், மூலத்தைத் திருத்தியவராகின்றார். அதனை அவர் உணராதிருப்பதும் உண்டு.

ஏட்டில் விடுபட்ட புள்ளி பதிப்பாசிரியரின் அறிவைச் சோதித்தது. இன்று தவறான இலக்கம் பெற்ற எழுத்து அவ்வாறு சோதிப்பதுமில்லை. அது பிழையெனக் கண்ணுக்குத் தோன்றுவதேயில்லை. ஆகவே தமிழ் பயில்வோர் பாடவேறுபாட்டை அறிவதுபோல, தாம் தட்டும் எழுத்தின் பின்னுள்ள இலக்கத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். அது பொறியியலாளர்க்கே உரிய அறிவு என ஒதுக்கிவிடின், அடுத்த தலைமுறையின் பதிப்பாசிரியர்கள் மீண்டும் புள்ளியற்ற ஏடுகளின்முன் அமர நேரிடும்.